நாடுகளும் முதல் மரியாதையும்

1661ஆம் ஆண்டு செப்டம்பர் 30. லண்டன் டவர் கோட்டையை ஒட்டிய தேம்ஸ் நதித் துறையில் சுவீடனின் புதிய தூதர் வந்து இறங்குகிறார். அவரை ஊர்வலமாக நகருக்குள் அழைத்துப்போக வேண்டும். மற்ற நாட்டுத் தூதர்களும் மரியாதைக்குத் தங்கள் வண்டிகளை ஊர்வலத்தில் அனுப்புவது அந்தக் கால வழக்கம். முன்னால் போவது பிரான்சின் வண்டியா, ஸ்பெயினின் வண்டியா என்பதுதான் அன்றைய பிரச்சினை.

இரண்டு தரப்பும் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்திருந்தன. ஸ்பெயின் தூதர் வாட்வில் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். குதிரைகளின் தோல்வாரை எதிரிகள் வாளால் அறுத்துவிடக் கூடாது என்று உள்ளே இரும்புச் சங்கிலி வைத்துத் தைத்திருந்தார்கள். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், தன் குடிமக்கள் யாரும் இதில் தலையிடக் கூடாது என்று முன்பே உத்தரவு போட்டுவிட்டார். சண்டை மூண்டது. பிரெஞ்சு வண்டியின் குதிரைகளை வெட்டிச் சாய்த்தார்கள். சிலர் உயிரிழந்தார்கள். ஸ்பெயினின் வண்டி முன்னால் போனது.

செய்தி பாரிசுக்குப் போனபோது பதினான்காம் லூயிக்கு வயது 23. ஸ்பெயின் அரசர் அவருக்கு மாமனார். அப்படியிருந்தும் ஸ்பெயின் தூதரை நாட்டைவிட்டு வெளியேற்றினார், போர் தொடுப்பேன் என்று மிரட்டினார். 1662 மார்ச்சில் ஸ்பெயினின் சிறப்புத் தூதர் லூவர் அரண்மனைக்கு வந்து, மற்ற நாட்டுத் தூதர்கள் எல்லாரும் கூடியிருந்த அவையில், இனி எங்கள் தூதர்கள் பிரான்சோடு முதலிடத்துக்குப் போட்டியிட மாட்டார்கள் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பால் பிரான்சுக்கு ஒரு பிடி நிலமோ ஒரு காசோ கிடைக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவின் தலைமை ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறிவிட்டது என்பதை அன்று அவையிலிருந்த ஒவ்வொரு தூதரும் தன் அரசருக்கு எழுதியிருப்பார்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. அந்த முதல் மரியாதையில் கிடைக்கும் துணியின் விலைக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. ஊர் நடுவில், எல்லார் கண் முன்னாலும், இன்னார் இன்ன இடத்துக்குரியவர் என்று அது சொல்கிறது. நாடுகள் தங்களுக்குள் தேடுவதும் இதைத்தான். சர்வதேச உறவுகள் துறையில் இதை அந்தஸ்து என்கிறார்கள். உலக நாடுகளின் வரிசையில் ஒரு நாட்டுக்கு எந்த இடம் என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கிறதோ, அதுவே அதன் அந்தஸ்து.

'மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கிற' என்பதுதான் இந்த விளக்கத்தின் உயிர்நாடி. ராணுவத்தை ஒரு நாடு தன் பணத்தில் கட்டிக்கொள்ளலாம். தொழிற்சாலையைத் தன் மண்ணில் எழுப்பலாம். அந்தஸ்தை அப்படித் தானாகச் செய்துகொள்ள முடியாது. அடுத்தவர் தரவேண்டும். அடுத்தவர் தராமலும் இருக்கலாம்.

பலமும் அந்தஸ்தும் ஒன்றல்ல என்பதற்கு ஐநாவின் கதையே போதும். 1945இல் பாதுகாப்பு கவுன்சிலில், தீர்மானத்தைத் தனியாகவே தடுத்து நிறுத்தும் வீட்டோ உரிமையோடு நிரந்தர இடம் பெற்ற ஐந்து நாடுகளில் சீனாவும் ஒன்று. 1949இல் மாவோவின் கம்யூனிஸ்டுகள் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். தோற்ற அரசு தைவான் தீவுக்குப் போனது. ஆனால் 'சீனா' என்ற நாற்காலியில் 1971 அக்டோபர் 25 வரை உட்கார்ந்திருந்தது அந்தத் தீவின் அரசுதான். கோடானுகோடி மக்களும், 1964 முதல் அணுகுண்டும் வைத்திருந்த பெய்ஜிங் அரசுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் அந்த அவையில் இடமே இல்லை. இன்றும் பாருங்கள். ஜெர்மனி, ஜப்பான் ஆகியவற்றின் பொருளாதாரம் பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றைவிடப் பெரிது. உலகிலேயே அதிக மக்கள் வாழும் நாடு இந்தியா. வீட்டோ இருப்பது பிரிட்டனிடமும் பிரான்சிடமும்.

சரி, அந்தஸ்தால் என்ன லாபம்? கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், முடிவெடுப்பதற்கு முன் கருத்துக் கேட்பார்கள், விதிகளை எழுதும்போது பேனா நம் கையிலும் இருக்கும். ஒவ்வொரு காரியத்துக்கும் படை அனுப்பியோ பணம் கொடுத்தோ ஆளைப் பணியவைக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் உண்மையான பலன்கள்தான். ஆனாலும் பலனுக்காக மட்டுமே நாடுகள் இதைத் தேடுகின்றன என்று நான் நம்பவில்லை. மதிக்கப்பட வேண்டும் என்ற வேட்கையே பல நேரம் முதலில் வருகிறது. கணக்கு பிறகுதான் வருகிறது. இதை ஜப்பானின் கதையைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவுக்குள் வந்து, கதவைத் திற என்றார். அடுத்த ஆண்டு ஜப்பான் திறந்தது. 1858இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, நெதர்லாந்து ஆகியவற்றோடு வரிசையாக ஒப்பந்தங்கள் போடப்பட்டன. அவற்றில் இரண்டு முட்கள் இருந்தன. ஜப்பானில் குற்றம் செய்யும் வெள்ளையரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, அவருடைய நாட்டுத் தூதரக அதிகாரிதான் விசாரிப்பார். இறக்குமதி வரி எவ்வளவு என்பதையும் ஜப்பான் தன் விருப்பத்துக்கு முடிவுசெய்ய முடியாது. காரணம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது: நீங்கள் நாகரிக நாடுகளின் வரிசையில் இல்லை.

அந்த வரிசையில் சேர ஜப்பான் எடுத்துக்கொண்ட பாடு மலைக்க வைப்பது. 1871 டிசம்பரில் இவாகுரா தொமோமியின் தலைமையில் அரசின் முக்கியத் தலைவர்களில் பலர் கப்பலேறி, இரண்டாண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றினார்கள். ஒப்பந்தங்களைத் திருத்தக் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சிறைச்சாலை, பள்ளி, இரும்பாலை, நாடாளுமன்றம் என்று எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். 1873 முதல் ஜப்பான் ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. 1889இல் அரசியல் சாசனம் வந்தது. மேல்நாட்டார் கேட்ட தகுதி ஒவ்வொன்றையும் சம்பாதித்துக் காட்டுவது என்பதே ஜப்பானின் திட்டம்.

அதன் உச்சம் டோக்கியோவில் 1883இல் திறக்கப்பட்ட ரொக்குமெய்கான் மாளிகை. கட்டியவர் ஜோசயா காண்டர் என்ற ஆங்கிலேயர். வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவின் யோசனை அது. உயர்குடி ஜப்பானியப் பெண்கள் கிமோனோவைக் களைந்து இறுக்கமான ஐரோப்பிய கவுனை அணிந்து, ஆண்கள் வால்கோட்டு மாட்டி, வெளிநாட்டுத் தூதர்களோடு வால்ட்ஸ் நடனம் ஆடினார்கள். ஆடத் தெரியாதவர்களுக்கு வகுப்பு நடந்தது. எங்களைப் பாருங்கள், உங்களைப் போலத்தானே இருக்கிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம் என்று ஒரு நாடே ஆடிக் காட்டியது. விருந்தினர்கள் சாப்பிட்டார்கள், ஆடினார்கள், பின்னால் சிரித்தார்கள். அப்போது ஜப்பானில் வாழ்ந்த பிரெஞ்சு கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் பிகோ, மேல்நாட்டு உடையில் கண்ணாடி பார்க்கும் ஒரு ஜப்பானியத் தம்பதியை வரைந்தார். கண்ணாடியில் தெரிவது இரண்டு குரங்குகள்.

அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தஸ்துக்காக அடுத்தவரைப் பின்பற்றும் வழியில் இருக்கும் ஆபத்து இதுதான். அளவுகோலும் அவர்களுடையது, தீர்ப்பும் அவர்களுடையது. பின்பற்றாவிட்டால் காட்டுமிராண்டி, பின்பற்றினால் போலி.

பிறகு எது கதவைத் திறந்தது? சட்ட சீர்திருத்தத்துக்கு ஓரளவு பலன் இருந்தது. 1894இல் பிரிட்டன் வெளிநாட்டவருக்கான தனி நீதிமன்ற உரிமையை விட்டுத்தர ஒப்புக்கொண்டது, 1899இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் மரியாதை பொங்கி வந்தது போர்களுக்குப் பிறகுதான். 1895இல் சீனாவை வென்று ஜப்பான் பெற்ற லியாவோதுங் தீபகற்பத்தை ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து திருப்பித் தரவைத்தன. மூன்றே ஆண்டுகளில் அதே இடத்தை ரஷ்யா குத்தகை என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. 1902இல் பிரிட்டன் ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டது. 1905 மே மாதம் சுஷிமா நீரிணையில் தளபதி டோகோ ரஷ்யக் கடற்படையை அழித்தார். ஆசியா முழுக்க அந்தச் செய்தி ஓடியது. பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்த நேரு அதைப் படித்து உற்சாகத்தில் துள்ளியவர்களில் ஒருவர்.

அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் டோக்கியோவில் இருந்த தன் லிகேஷனை எம்பசியாகத் தரம் உயர்த்தியது. இன்று இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தோன்றும். அன்றைய நடைமுறையில் எம்பசியும் முழுத்தகுதித் தூதரும் பெரும் வல்லரசுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்பவை. மற்ற நாடுகளுக்கு ஒரு படி குறைந்த லிகேஷன். அமெரிக்காவே 1893இல்தான் முதன்முதலாக அந்த நிலைத் தூதர்களை அனுப்பத் தொடங்கியது. பிரிட்டனைப் பார்த்து அடுத்த ஆண்டே மற்ற வல்லரசுகளும் டோக்கியோவில் தரம் உயர்த்தின. நடனத்தால் கிடைக்காதது ஒன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் மேல் நீடித்த போரால் கிடைத்தது. இந்தப் பாடத்தை ஜப்பானுக்குக் கற்பித்தவர்கள் யார் என்பதை மறக்கக் கூடாது. அதை ஜப்பான் நன்றாகவே கற்றுக்கொண்டது. 1910இல் கொரியாவை விழுங்கியது. வல்லரசு என்றால் காலனி வைத்திருக்க வேண்டும் என்பதும் அன்றைய தகுதிப் பட்டியலில் இருந்தது. ஜப்பானின் அந்தஸ்துக்கான விலையைக் கொரிய மக்கள் கொடுத்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் வெற்றிக்கதை. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜப்பான் ஐந்து பெரும் வல்லரசுகளில் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. ஐநாவுக்கு முன்னோடியாக உருவாகவிருந்த சர்வதேச சங்கத்தின் கவுன்சிலில் அதற்கு நிரந்தர இடமும் உறுதி. அப்போது ஜப்பான் ஒரு கோரிக்கை வைத்தது: சங்கத்தின் ஒப்பந்தத்தில் நாடுகள் சமம் என்ற வாசகம் ஒன்றைச் சேருங்கள், இனத்தின் பேரில் பாகுபாடு கூடாது. ஏப்ரல் 11 அன்று, அந்த ஒப்பந்தத்தை எழுதிய ஆணையத்தில் வாக்கெடுப்பு. ஜப்பானின் பிரதிநிதி மகினோ நொபுவாக்கி பேசினார். 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். தலைவராக இருந்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், இவ்வளவு கடுமையான எதிர்ப்பு இருக்கும் விஷயத்தில் ஒருமனதான முடிவு வேண்டும் என்று சொல்லித் தீர்மானம் நிறைவேறவில்லை என அறிவித்தார். வெளியில் நின்று மிக உரக்க எதிர்த்தவர் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற தன் நாட்டுக் கொள்கை அவருக்கு முக்கியம்.

கவனியுங்கள், ஜப்பானுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது, சமம் என்ற ஒப்புதல்தான் கிடைக்கவில்லை. மேல் வரிசையில் இடம்பிடிப்பது ஒன்று, உள்ளே போனபின் மற்றவர்கள் தங்களில் ஒருவராக நினைப்பது வேறு. 1922இல் வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் பெரும் போர்க்கப்பல்களின் அளவை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐந்தைந்து, ஜப்பானுக்கு மூன்று என்ற விகிதத்தில் கட்டுப்படுத்தியது. 1924இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவைச் சாத்தியது. 1933 பிப்ரவரியில் சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பான் ஆக்கிரமித்ததைக் கண்டித்து சர்வதேச சங்கத்தில் 42 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தது ஜப்பான் மட்டும். தூதுக்குழுத் தலைவர் மட்சுவோகா எழுந்து வெளியேறினார். சீன மக்கள் மீது ஜப்பான் நடத்திய கொடுமைகளுக்கு எந்த அவமதிப்பும் நியாயம் ஆகாது. பொருளாதார நெருக்கடி, ராணுவத்தின் பிடி என்று வேறு காரணங்களும் நிறைய. ஆனால் உலகத்தோடு ஒத்துப்போகலாம் என்று வாதிட்ட ஜப்பானியத் தலைவர்களின் கையைப் பலவீனப்படுத்தியதில் அந்த ஏப்ரல் மாத வாக்கெடுப்புக்கும் 1924 சட்டத்துக்கும் பங்கு உண்டு.

அந்தஸ்தைத் தேடும் நாடுகள் செய்வதை ஆய்வாளர்கள் பொதுவாக மூன்று வழிகளாகப் பார்க்கிறார்கள். மேலே இருப்பவர்களைப் பின்பற்றி அவர்கள் சங்கத்தில் சேர்வது ஒரு வழி. அவர்களோடு மோதி அவர்கள் இடத்தைப் பிடிப்பது இன்னொன்று. அந்தப் பந்தயமே வேண்டாம் என்று வேறொரு துறையில் பெயர் வாங்குவது மூன்றாவது. ஜப்பான் முதல் வழியில் தொடங்கி இரண்டாவதில் போய் விழுந்தது. இரண்டாவது வழிக்கு அதிகம் சொல்லப்படும் உதாரணம் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஜெர்மனி. ஐரோப்பாவின் மிக வலுவான தரைப்படை கையில் இருக்க, பிரிட்டனைப் போலக் கடற்படையும் வேண்டும் என்று 1898 முதல் கப்பல்களைக் கட்டிக் குவித்தது. அதுவரை தனித்து நின்ற பிரிட்டன் பயந்துபோய் பிரான்சோடும் ரஷ்யாவோடும் சேர்ந்துகொண்டது. மரியாதைக்காகத் தொடங்கிய செலவு ஜெர்மனியைச் சுற்றி எதிரிகளைக் கூட்டியதில் முடிந்தது.

அடையாளங்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எல்லாருக்கும் கிடைத்துவிட்டால் அவற்றின் மதிப்பு போய்விடும். இன்று எந்தச் சிறிய நாடும் எம்பசி வைத்திருக்கிறது, அதற்காக யாரும் அந்த நாட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தூதர்களின் வரிசைச் சண்டைக்கும் 1815 வியன்னா மாநாட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரே நிலையில் இருக்கும் தூதர்களில் யார் முதலில் வந்து பதவி ஏற்றாரோ அவருக்கே முன்னிடம், நாடு பெரிதா சிறிதா என்று பார்க்க வேண்டியதில்லை. 1961 வியன்னா உடன்படிக்கையிலும் அதே விதிதான். ஆனால் ஆசை தீரவில்லை, அடையாளங்கள்தான் மாறின. ஒலிம்பிக், உலகக் கோப்பை, விண்கலம், அணுகுண்டு, விமானம் தாங்கிக் கப்பல்.

கடைசியாகச் சொன்னதற்குத் தாய்லாந்தில் ஒரு நல்ல சாட்சி நிற்கிறது. சக்ரி நருபெட் என்ற அந்தக் கப்பல் ஸ்பெயினில் கட்டப்பட்டு 1997இல் சேவைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் வேறு எந்த நாட்டிடமும் அப்போது அப்படியொன்று இல்லை. அதே ஆண்டு தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்து ஆசியாவையே உலுக்கிய நிதி நெருக்கடி தொடங்கியது. கப்பலைக் கடலில் ஓட்டப் பணமில்லை. அதற்காக வாங்கிய பழைய ஹாரியர் ஜெட் விமானங்கள் 2006இல் ஓய்வு பெற்றன, புதியவை வாங்கவில்லை. வெள்ளம், புயல் நிவாரணத்துக்கு உதவியதைத் தவிர, சட்டாஹிப் கடற்படைத் தளத்தில் கட்டிப்போட்ட நிலையில்தான் பெரும்பாலும் இருந்தது.

அதே சட்டாஹிப் தளத்தில்தான் 2002 செப்டம்பரில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் முதல் சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தது நார்வே. மூன்றாவது வழி என்று மேலே சொன்னேனே, அதற்கு நார்வேயைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. சுமார் 55 லட்சம் மக்கள், ஐரோப்பாவின் வடக்கு ஓரம். ராணுவத்திலோ மக்கள்தொகையிலோ அது யாரோடும் போட்டி போட முடியாது. ஆனால் அமைதிக்கான நோபல் பரிசை 1901 முதல் வழங்கும் குழு அந்த நாட்டு நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பது. இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1993இல் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு வழி செய்த ரகசியப் பேச்சுகளை நடத்தியது அந்த நாடு, உடன்பாடே ஆஸ்லோ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தன் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்குக் கொடுக்கிறது. பெரிய நாடுகளின் தலைநகரங்களில் நார்வே அமைச்சருக்குச் சந்திப்பு நேரம் கிடைப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

ஈழத் தமிழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நார்வேயின் சிறப்புத் தூதர் எரிக் சோல்ஹெய்ம் என்ற பெயர் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் வீட்டுப் பேச்சில் புழங்கிய பெயர். 2002 பிப்ரவரி 22இல் ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் ஒப்புக்கொண்ட போர்நிறுத்தம் நார்வேயின் முயற்சியால் வந்தது. நார்டிக் நாடுகள் ஐந்தும் கண்காணிப்பாளர்களை அனுப்பின. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தபோது, இரு தரப்போடும் பேச வேண்டிய நடுவர் என்பதால் நார்வே அந்தப் பட்டியலைப் பின்பற்றவில்லை. ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், டென்மார்க், பின்லாந்து கண்காணிப்பாளர்களைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். நார்வேயும் ஐஸ்லாந்தும் மிஞ்சின. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2009 மே மாதம் போர் முடிந்த விதம் எல்லாருக்கும் தெரியும்.

தன் முயற்சி ஏன் தோற்றது என்று வெளி ஆய்வாளர்களைக் கொண்டு மதிப்பிட்டு, அந்த அறிக்கையை 2011இல் நார்வே வெளியிட்டது. அது பாராட்டத் தக்கது. ஆனால் நடுவர் என்ற பெயரின் எல்லையும் இங்கே தெரிகிறது. நார்வேக்கு இருந்தது நம்பிக்கையால் வந்த மதிப்பு. இரு தரப்பையும் மேசைக்கு அழைக்க அது போதும். போக மறுப்பவரைப் பிடித்து நிறுத்த அது போதாது. தோற்றாலும் நார்வேயின் பெயர் பெரிதாகக் கெடவில்லை, 2021இலும் 2022இலும் பாதுகாப்பு கவுன்சிலில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இருந்தது. முள்ளிவாய்க்காலில் இருந்தவர்கள் இழந்ததோடு அதை ஒப்பிடவே முடியாது.

இந்தியா மூன்று வழிகளையும் மாறி மாறி முயன்ற நாடு. நேரு காலத்தில் அணிசேராமை, காலனி எதிர்ப்பு, அமைதிப் படை. பிறகு 1974லும் 1998லும் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. அண்மையில் 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது, அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அந்த மாலை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் குழந்தைகள் கைதட்டியதும் அந்தஸ்தின் ஒரு பகுதிதான். மற்றவர்கள் தரும் மதிப்பு சொந்த மக்களின் நெஞ்சுக்குத் திரும்பி வருவதால்தான் அரசுகள் இதற்கு இத்தனை செலவு செய்யத் துணிகின்றன.

ஆனால் எனக்கு இதைவிட ஆழமாகப் படுவது 2004 டிசம்பர். சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேரைக் கொன்றது. வெளிநாட்டு அரசுகள் உதவ முன்வந்தன. மன்மோகன் சிங் அரசு, நிலைமையை நாங்களே சமாளித்துக்கொள்வோம் என்றது. அதே நேரத்தில், மறுநாளுக்குள், இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கையில் நின்றன. பிறகு மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போயின. தன் வீட்டில் இழவு கிடக்கும்போது அடுத்த வீட்டுக்கு ஓடிய அந்தச் செயலைப் புரிந்துகொள்ள 1965, 1966 பஞ்சத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இந்தியா வாழ்ந்த காலம் அது. வியட்நாம் போரை டெல்லி விமர்சித்த எரிச்சலில் அதிபர் ஜான்சன் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கையேந்தும் நாட்டை எப்படி நடத்துவார்கள் என்பதைப் பார்த்த தலைமுறை 2004இல் டெல்லியில் அதிகாரத்தில் இருந்தது.

அந்த முடிவு வீண் போகவில்லை. நிவாரணத்தை ஒருங்கிணைக்க அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா நான்கும் சேர்ந்த குழுதான் பின்னாளில் குவாட் என்று பேசப்படும் அமைப்புக்கு வித்து. பெறுபவர் வரிசையிலிருந்து தருபவர் வரிசைக்கு இந்தியா ஒரே வாரத்தில் இடம் மாறியது. கரையில் எல்லாம் இழந்து நின்ற மீனவரை யாரும் கேட்டு எடுத்த முடிவல்ல அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுகட்டுமானத்துக்காக உலக வங்கிக் கடனும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனும் பிறகு வந்தன. 2018 வெள்ளத்தில் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டு அரசுகளின் உதவியும் அதே கொள்கையின்படி ஏற்கப்படாதபோது, நாட்டின் கௌரவத்துக்கு ஒரு மாநிலம் ஏன் விலை தரவேண்டும் என்ற கேள்வி அங்கே உரக்கவே எழுந்தது. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

அணுகுண்டு விஷயம் இன்னும் சிக்கலானது. 1968இன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்துப் பார்த்த நாடுகளை மட்டுமே அணு ஆயுத நாடுகள் என்று ஏற்கிறது. பிறகு எத்தனை குண்டு செய்தாலும் அந்த ஏட்டில் பெயர் ஏறாது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா வெடித்தது. பொருளாதாரத் தடைகள் வந்தன. அதே மாத இறுதியில் பாகிஸ்தானும் வெடித்துவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் பழக்கம் உலகத்துக்கு மேலும் வலுப்பட்டது. டெல்லி கேட்டது அதுவல்ல. 2008 செப்டம்பரில்தான், அமெரிக்காவின் பெருமுயற்சியால், அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விதிவிலக்குத் தந்தது. அந்தக் குழுவே 1974 பொக்ரான் சோதனைக்கு எதிர்வினையாகப் பிறந்தது. அதில் உறுப்பினராகும் முயற்சி சீனாவின் எதிர்ப்பால் இன்னும் நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். ரகசியமாகச் செய்துவைத்திருந்த ஆறு குண்டுகளைக் கலைத்துவிட்டோம் என்று 1993இல் அறிவித்தது. அணு ஆயுதம் பற்றிய எந்த அவையிலும் அதன் பேச்சுக்குத் தனி எடை கிடைத்தது அதனால்தான்.

பாதுகாப்பு கவுன்சில் நிரந்தர இடத்துக்காக இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் கூட்டாக நிற்பது பலருக்குத் தெரியும். 2005இல் வரைவுத் தீர்மானமே கொண்டுவந்தார்கள். ஐநா சாசனத்தின் 108ஆம் பிரிவுப்படி அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் வாக்கு வேண்டும். அதன்பின் அதே அளவு நாடுகள் உள்நாட்டில் ஒப்புதல் தரவேண்டும், அவற்றில் இப்போதைய நிரந்தர உறுப்பினர்கள் ஐவரும் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாளைப் பிடித்திருக்கிறார்கள் என்பது ஒருபுறம். வெளியே வரிசையில் நிற்பவர்களின் எதிர்ப்பு மறுபுறம். ஜெர்மனிக்கு இடம் தருவதை எதிர்ப்பதில் முன்னால் நிற்பது இத்தாலி. இந்தியாவுக்குப் பாகிஸ்தான். ஜப்பானுக்குத் தென்கொரியா. பிரேசிலுக்கு அர்ஜென்டினாவும் மெக்சிகோவும். பிரேசிலுக்கு வீட்டோ கிடைத்தால் நைஜீரியாவுக்கோ நேபாளத்துக்கோ பெரிய நட்டமில்லை. அர்ஜென்டினா மட்டும் தன் கண்டத்திலேயே ஒரு படி கீழே இறங்கியதாகிவிடும்.